பச்சை விளக்கு காருக்கு மட்டும்தானா?

அமெரிக்க நாட்டின் நாற்சந்திகளில் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு நெடுநாளாக ஓர் அநீதி நடந்து வருகிறது. கிளைச் சாலையில் வருகிறவர் சிவப்பு விளக்கைக் கண்டு சட்டப்படி நிற்கிறார். நிமிஷங்கள் ஓடுகின்றன. விளக்கு மாறவில்லை. பின்னால் ஒரு கார் வந்து நின்றதோ இல்லையோ, பச்சை விழுகிறது!

இது என்ன மாயம்? மாயமல்ல. சாலையின் தளத்தை அறுத்து உள்ளே கம்பிச் சுருளைப் புதைத்திருக்கிறார்கள். அதில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. மேலே உலோகப் பரப்பு வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும்பி, சுருளின் மின்தூண்டல் குறைகிறது. சாலையோரப் பெட்டியிலுள்ள கருவி இதைக் கண்டு பச்சை கேட்கிறது. எடைக்கு இதில் வேலையே இல்லை. காரின் அடிப்பாகம் அகலமானது. மோட்டார் சைக்கிளோ ஒல்லியானது. அது உண்டாக்கும் மாற்றம் சொற்பம். காரை மட்டும் மனதில் வைத்துக் கருவியைத் திருகி வைத்தால், அதன் கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் தெரியாது.

சட்டசபைகள் கண்ட பரிகாரம் என்ன? 2002-ல் மின்னசோட்டா ராஜ்யம் வழி காட்டியது: விளக்கு நெடுநேரம் மாறாவிட்டால், ஆபத்தில்லாத சமயம் பார்த்துத் தாண்டியவர் கோர்ட்டில் அதைத் தமது எதிர்வாதமாகச் சொல்லலாம். விஸ்கான்சின் 45 வினாடி காத்திருந்து போகச் சொல்கிறது. இல்லினாய் 120 வினாடி என்கிறது. சிகாகோ நகரில் அதுவும் கிடையாது!

இதற்குப் பெயர் சலுகையாம்! பழுது சர்க்காரின் யந்திரத்தில். உயிராபத்து ஓட்டுகிறவர் தலையில். வழக்கு வந்தால் நிரூபிக்க வேண்டியவரும் அவரே. விளக்கைச் செப்பனிட வேண்டியவர்கள், விளக்கை மீற அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கை கழுவுகிறார்கள்.

இந்தச் சந்தடியில் காந்த வியாபாரிகளும் கடை விரித்திருக்கிறார்கள். வண்டியின் அடியில் காந்தம் கட்டினால் பச்சை விழுமாம். சுத்தப் புரட்டு! சுருள் தேடுவது காந்தத்தை அல்ல. மின்னோட்டம் பாயக்கூடிய உலோகத்தை.

“கருவியைக் கூர்மையாக்கினால் பக்கத்து வரிசைக் காரையும் பிடித்துவிடுமே” என்று சிலர் சாக்குச் சொல்கிறார்கள். குறுக்குச் சாய்வாகக் கம்பி சுற்றிய சுருள் எதற்கு இருக்கிறது? அது சிறு வண்டியைப் பிடிக்கும். பக்கத்து வரிசையை விட்டுவிடும். கலிபோர்னியாவில் அது பழக்கத்திலுள்ள பொருள். 2007-ல் அந்த ராஜ்யம் செய்த சட்டம், புதிதாக வைக்கும் கருவிகளும் மாற்றி வைக்கும் சுருள்களும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் காண வேண்டுமென்கிறது. ஆனால் “சாத்தியமான அளவுக்கு” என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. பழைய சுருள்களோ மாற்றும் நாள் வரை அப்படியே கிடக்கலாம்.

1928-ல் பால்டிமோர் நகரில் சார்லஸ் அட்லர் அமைத்த விளக்கு, ஹாரன் சத்தம் கேட்டு மாறியது. ஹாரன் அடித்தவர் காரில் வந்தாரா, வேறெதில் வந்தாரா என்று அது பார்க்கவில்லை. இத்தனை ஆண்டு விஞ்ஞான வளர்ச்சிக்குப் பிறகு யந்திரம் ஆள் பார்த்துப் பச்சை கொடுப்பதா?

மோட்டார் சைக்கிள்காரர்களே! சுருளின் நடுவில் நிற்காதீர்கள். தளத்தில் தெரியும் அறுப்புக் கோட்டின்மேல் சக்கரங்களை நிறுத்துங்கள். அப்படியும் மாறாத விளக்கை நகராட்சிக்கு எழுதுங்கள். பலர் சேர்ந்து எழுதுங்கள். கருவியைத் திருத்து, நிற்குமிடத்தைச் சாயத்தால் குறி, உதவாத சுருளை மாற்று என்று கேளுங்கள்.

பெட்ரோல் வரி கொடுக்கும்போது அவர்களைக் காணும் கண், நாற்சந்தியில் மட்டும் குருடாவது ஏன்?