உடம்பு பேசினால் சம்மதமா?



ஆண்டு மலரில் இப்படியும் ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். மோட்டார் எப்படி ஓடுகிறது, டிரான்ஸ்ஃபார்மர் ஏன் சூடாகிறது என்று மூன்று வருஷம் படிக்கிறோம். பெண் உடம்பு காம உணர்வின்போது எப்படி இயங்குகிறது என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை. பள்ளியில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது, "வீட்ல படிச்சுக்கங்க" என்று தாண்டிப் போனார்கள். வீட்டில் யாரிடம் கேட்பது? எங்கள் வீட்டில் படிக்க வந்தவளே நான் ஒருத்திதான்! கடைசியில் பசங்களுக்கு செல்போன் படம்தான் வாத்தியார். பெண்களுக்கு வெறும் பயம்தான் மிச்சம்.

விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் இதை ஆய்வுக்கூடத்தில் நேரடியாக அளந்து 1966-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். கிளர்ச்சி, அதன் நீடிப்பு, உச்சம், தணிவு என நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். கிளர்ச்சியின்போது இடுப்புப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. அதனால் யோனியின் உட்சுவர் வழியே நீர் கசிந்து ஈரமாகிறது. நாடித்துடிப்பும் மூச்சும் ஏறுகின்றன. உச்சத்தில் இடுப்புத் தசைகள் சுமார் 0.8 விநாடிக்கு ஒரு தரம் சுருங்குகின்றன. பிறகு எல்லாம் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் உச்சம் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இதில் முக்கிய உறுப்பு கிளிட்டோரிஸ். வெளியே தெரிவது சின்ன நுனிதான். உள்ளே அது எவ்வளவு பெரியது என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-ல் விரிவாக விளக்கினார். மனிதன் நிலாவில் இறங்கி 29 வருஷம் கழித்து!

நான் சொல்ல வந்தது இதுதான். ஈரமாவதும் துடிப்பு ஏறுவதும் நரம்பும் ரத்தமும் செய்யும் வேலை. நாம் உத்தரவு போட்டு நடப்பதில்லை. பலாத்காரத்தின்போதுகூட உடம்பு இப்படிப் பதில் காட்டலாம். "வேண்டாம், விடுடா" என்று கத்துகிறவனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்கத்தான் செய்வான். அதற்காக அவன் சந்தோஷமாக இருந்தான் என்று அர்த்தமா? அதேபோல, மனசில் ஆசை இருந்தும் உடம்பு உடனே தயாராகாமல் போவதும் உண்டு.

இது தெரியாததால் எத்தனை அநியாயம்! "அவளுக்கும் இஷ்டம்தான்" என்று குற்றவாளி தப்பப் பார்க்கிறான். பாதிக்கப்பட்டவளோ "என் உடம்பே என்னைக் காட்டிக் கொடுத்துடுச்சே" என்று யாரிடமும் சொல்லாமல் குமைகிறாள். பாதிக்கப்பட்ட பெண்ணுக்குச் செய்யும் 'இரு விரல் சோதனை'க்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று நம் உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. உடம்பைப் பார்த்து விருப்பத்தைத் தீர்மானிக்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் போகவில்லை.

சம்மதம் என்பது அவள் மனசறிந்து, பயமில்லாமல் சொல்வது. கல்யாணம் ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பாதியில் "வேண்டாம்" என்றாலும் வேண்டாம்தான்.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. கலைவிழாவுக்குச் செலவழிக்கிறோம், விளையாட்டு விழாவுக்கும் செலவழிக்கிறோம். வருஷம் ஒருநாள் ஒரு பெண் மருத்துவரை அழைத்து, மாணவர், மாணவியர் எல்லாரையும் உட்கார வைத்து இதைப் பேச வைத்தால் என்ன? தெரிந்துகொள்வது அசிங்கமில்லை தோழர்களே. தெரியாமல் ஒருத்தியைக் காயப்படுத்துவதுதான் அசிங்கம். சிந்திப்போம்!