நாற்காலி போட்டால் போதுமா?

ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கு உட்காரும் உரிமை சட்டப்படி கிடைத்துவிட்டது. கேரளம் 2018-இல் இதற்கு வழிகாட்டியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றது.

ஆனால், கூட்டமில்லாத மதிய வேளையில் சற்றே உட்காரும் விற்பனைப் பெண், படிக்கட்டில் சூப்பர்வைசரின் தலை தெரிந்ததும் எழுந்து, மடித்துவைத்த புடவையையே பிரித்து மறுபடி மடிக்கிறார் என்றால், அந்தச் சட்டத்தால் என்ன பயன்? பயமில்லாமல் உட்காரும் சூழலை அந்தத் தளத்தை நடத்துபவர்தான் உருவாக்க முடியும். நிறுவன விழுமியங்களைப் பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது நிர்வாக இயக்குநரின் அறையில் தொடங்கி, வரவேற்பறைச் சுவரோடு முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் 2000-ஆம் ஆண்டறிக்கையில் அச்சிட்ட நான்கு விழுமியங்களில் மரியாதையும் நேர்மையும் உண்டு. கணக்கு மோசடி அம்பலமாகி, 2001 டிசம்பரில் அது திவாலானது. ஊழியர்களைத் தரவரிசைப்படுத்திக் கடைசியில் இருப்பவர்களை வெளியேற்றும் முறையும் அங்கே இருந்தது. பக்கத்து மேசைக்காரரை முந்தினால்தான் வேலை நிலைக்கும் என்ற இடத்தில், அறிக்கையில் உள்ள மரியாதையை யார் நம்புவார்கள்?

இதற்கு மாறாக, டொயோட்டா ஆலைகளில் கோளாறைக் கண்ட தொழிலாளி, மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திராமல் ‘ஆன்டன்’ எனும் எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் உதவிக்கு வருவார். உடனே சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். அந்த நஷ்டத்துக்குத் தயாராக இருப்பதால்தான் தொழிலாளியின் சொல்லுக்கு அங்கே மதிப்பு.

நம் நிறுவனங்களும் ‘மரியாதை’ என்று எழுதியதோடு நிற்காமல், நடைமுறையில் அது என்ன என்பதையும் எழுத வேண்டும். வயதில் இளையவரானாலும் ஒருமையில் அழைக்கக் கூடாது. வாடிக்கையாளர் முன்னால் திட்டக் கூடாது. ஒப்புக்கொண்ட வார விடுமுறையைக் கடைசி நேரத்தில் ரத்து செய்யக் கூடாது. இவற்றை வகுக்கும்போது கடைநிலை ஊழியர்களையும் கேட்க வேண்டும். சூப்பர்வைசரின் ஊதிய உயர்வுக்கு விற்பனைக் கணக்கை மட்டும் பார்க்காமல், அவரிடமிருந்து எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

‘கண்டிப்பு இல்லாவிட்டால் வேலை நடக்காது’ என்பார்கள். தாமதத்தைக் கண்டிக்கலாம், தவறைத் திருத்தச் சொல்லலாம். அதற்கு ஆளை அவமானப்படுத்தத் தேவையில்லை.

பழியைச் சூப்பர்வைசர் தலையில் மட்டும் கட்டிவிடவும் முடியாது. பண்டிகைக் கால இலக்கை எட்டவில்லை என்று காலைக் கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொள்பவர், அதை அப்படியே தன் தளத்தில் இறக்கிவைக்கிறார். அந்தக் கூட்டத்தில் முதலாளி எப்படிப் பேசுகிறார் என்பதுதான் நிறுவனத்தின் உண்மையான விழுமியம். மாற்றத்தையும் அவரே தொடங்கிவைக்க வேண்டும்.