42 பேர் கலியாணம்

"டேய் தம்பி, பூக்கண்டு நிக்கிற இடத்திலையோ என்ர பிள்ளைக்குக் கலியாணம்?" என்று அண்ணர் தொலைபேசியில் கத்தியபோது நான் வேலை செய்யும் றெஸ்ரோரண்டின் பின்கதவடியில், கையில் குப்பைப் பையோடு நின்றேன். சனிக்கிழமை இரவு பதினொன்றரை. கோப்பை கழுவி முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. "நாளைக்குக் கதைப்பம் அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் விடவில்லை. பன்னிரண்டுக்கு ஒருதரம், ஒரு மணிக்கு ஒருதரம் அடித்தார்.

விசயம் இதுதான். என்ர பெறாமகள், அண்ணரின் மூத்தவள், 2022 கடைசியில் கலியாணத்துக்கு ஓம் சொன்னாள். பெடியனும் தமிழ்ப் பெடியன்தான், உத்ரெக்ற் பக்கம். (எந்த ஊர், ஆற்றை ஆக்கள் என்று கேட்க நினைப்பவர்கள் இத்தோடு வாசிப்பதை நிறுத்தலாம், நான் கோபிக்க மாட்டேன்.) பிரச்சினை மாப்பிள்ளை இல்லை. இடமும் எண்ணிக்கையும்தான். இடம், அம்ஸ்ரர்டாமில் இருக்கிற ஹோர்ட்டஸ் என்ற பழைய தாவரவியல் பூங்கா. எண்ணிக்கை 42. மாப்பிள்ளை பொம்பிளையையும் சேர்த்துத்தான் 42.

அண்ணரின் கணக்கு 480. அது வாயால் சொன்ன கணக்கு இல்லை. அதற்கு ஒரு கொப்பி இருக்கிறது.

அண்ணர் 1991ல் ஒல்லாந்துக்கு வந்தவர். போன முதல் கலியாணத்தில் இருந்து, எந்தக் கலியாணம், எந்தச் சாமத்தியவீடு, எந்தப் பிறந்தநாள், என்வலப்புக்குள் எவ்வளவு வைத்தது என்று எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது. முன்பக்கங்களில் கில்டர். 2002க்குப் பிறகு யூரோ. அண்ணிதான் கோடு போட்டு எழுதுகிறவ. நான் 2007ல் வந்து அவர்கள் வீட்டு மேல்மாடியில் படுத்திருந்த காலத்தில் சும்மா தட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிக்க மாட்டேன்.

ஏனென்றால் அந்தக் கொப்பி எப்படி வேலை செய்தது என்று எனக்கு இப்போது தெரியும். விசா இல்லாத, வங்கி கடன் கொடுக்காத, மொழி தெரியாத சனம் ஒருவருக்கொருவர் கட்டிக்கொண்ட சீட்டு அது. இன்றைக்கு உன்ர மகளுக்கு நான் ஐம்பது வைத்தால் நாளைக்கு என்ர மகளுக்கு நீ ஐம்பது. மண்டபக் காசு அதில்தான் கட்டுப்பட்டது. காசை விடுங்கள், குறோனிங்கனில் இருந்து ஒரு குடும்பம் மூன்று மணித்தியாலம் ரயில் ஏறி வந்து மண்டபத்தில் இருந்தால் "நாங்கள் அழிஞ்சு போகேல்லை" என்று எல்லாருக்கும் ஒரு தெம்பு வரும். ஆனபடியால் பெரிய கலியாணம் செய்கிறவர்களை எடுத்தவுடனே பகட்டுக்காரர் என்று எழுத எனக்கு மனம் வராது.

ஆனால் 2023ல் அண்ணரிடம் கடவுச்சீட்டு இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளைகளுக்கு நல்ல வேலை இருக்கிறது. சீட்டு எப்பவோ முடிந்துவிட்டது. கொப்பி மட்டும் முடியவில்லை.

"நீ ஒருக்காப் போய் அவளோட கதை. நீ பள்ளிக்கூடம் படிச்சனி, உன்ர சொல்லைக் கேப்பாள்" என்று அண்ணர் என்னை அனுப்பினார். (நான் படித்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம், இரண்டாம் வருடம் வரை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடினதோடு என்ர படிப்பும் மூடுப்பட்டுவிட்டது. அண்ணருக்கு அது இன்னும் படிப்புத்தான்.) திங்கட்கிழமை எனக்கு லீவு. பெறாமகள் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள்.

இத்தனை வருடம் இந்த நகரத்தில் இருந்தும் நான் அதற்குள் போனதில்லை. பிளான்ராஹ பகுதியில், ட்ராம் ஓடுகிற தெருவோடு இருக்கிறது. 1638ல் கொள்ளைநோய்க்குப் பிறகு வைத்தியருக்கும் மருந்துக்காரருக்கும் மூலிகை படிப்பிக்க என்று தொடங்கிய தோட்டம். இப்போதிருக்கிற இடத்துக்கு 1682ல் வந்தது. மொத்தம் 1.2 ஹெக்டேர். எங்கட கணக்கில் 47 பரப்புச் சொச்சம், ஊரில் ஒரு நல்ல புகையிலைத் தோட்டக்காரனிடம் இருக்கிற காணி. அதற்குள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட செடி வகைகள்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் 1912ல் கட்டின கண்ணாடிப் பனைவீட்டைக் காட்டினாள். ஹூகோ டி வ்ரீஸ் என்ற பேராசிரியருக்காகக் கட்டினது என்றாள். எனக்கு ஒரு கணம் தலை சுத்தியது. மெண்டலின் விதிகளை 1900ல் திரும்பக் கண்டுபிடித்த மூன்று பேரில் ஒருவர் என்று அந்தப் பெயரை நான் சோதனைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். அந்த மனிதர் நடந்த இடத்திலிருந்து ட்ராமில் இருபது நிமிசத் தூரத்தில் பதினாறு வருடம் கோப்பை கழுவியிருக்கிறேன், தெரியாமல். அந்தப் பனைவீட்டில் தென்னாபிரிக்காவில் இருந்து வந்த சைக்காட் வகை மரம் ஒன்று தொட்டிக்குள் நிற்கிறது. வயது ஏறத்தாழ 300. அதுவும் தொட்டிக்குள்ளேயே முந்நூறு வருடம் சமாளித்திருக்கிறது என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

"வெள்ளைக்காரன்ர தோட்டத்தில எங்கட சடங்கோ" என்பது அண்ணரின் அடுத்த கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் விசயம் இருந்தது. ஒல்லாந்தர் 1658ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு கறுவாவும் செடிகொடிகளும் கப்பல் கப்பலாக இங்கே வந்தன. இந்தத் தோட்டத்தில் பேராசிரியராக இருந்த யொஹான்னெஸ் புர்மன் 1737ல் இலங்கைச் செடிகளைப் பற்றியே ஒரு பெரிய புத்தகம் போட்டார். 1735ல் லின்னேயஸ் இங்கே வந்து அவருடைய வீட்டில்தான் தங்கினார். பிறகு லின்னேயஸ் 1747ல் தானும் இலங்கைச் செடிகளுக்கு ஒரு புத்தகம் எழுதினார். எங்கட வேலியோரச் சித்திரமூலத்தின் விஞ்ஞானப் பெயரில் 'சைலானிக்கா' என்று நாட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த ஆட்களின் வழிவந்த சங்கதி.

கோப்பிக் கதை இன்னும் சுவை. 1706ல் யாவாவில் இருந்து ஒரு கோப்பிக் கன்று இந்தத் தோட்டத்துக்கு வந்தது. அதன் பிள்ளையொன்றை 1714ல் பிரான்ஸ் அரசன் பதினாலாம் லூயிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். தென்னமெரிக்கக் கோப்பித் தோட்டங்களில் பெரும்பங்கு அந்த வம்சம் என்பார்கள். அதே நேரம் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது தெரியுமோ? 1707ல் ஒல்லாந்தர் எங்கட தேசவழமையை எழுத்தில் தொகுத்தார்கள். சீதனம், முதுசொம், தேடியதேட்டம் எல்லாம் அதில்தான் சட்டமாக எழுதப்பட்டது. செடியையும் எழுதினான், எங்கட சீதனத்தையும் எழுதினான். ஆகவே அண்ணை, எங்கட கலியாணத்துக்கும் இந்த ஒல்லாந்தனுக்கும் முந்நூறு வருடப் பழக்கம் இருக்கு என்றேன். "விசர்க் கதை கதைக்காதை" என்றார்.

அந்தத் தோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. அங்கே அவுஷ்விற்சில் இறந்தவர்களுக்காக உடைந்த கண்ணாடிகளால் செய்த நினைவிடம். அதே தெருவில் சற்றுத் தள்ளி, 1942லும் 1943லும் யூதர்களைப் பிடித்து அடைத்து வைத்து முகாம்களுக்கு ஏற்றின நாடகக் கொட்டகை. அகதியாய் வந்தவனுக்கு அதைக் கடந்து நடக்கும்போது கால் கொஞ்சம் மெதுவாகும். பெறாமகளிடம் சொன்னேன். "தெரியும் சித்தப்பா, பள்ளிக்கூடத்தில கூட்டிக்கொண்டு வந்தவை" என்றாள். வேறொன்றும் கதைக்கவில்லை.

பிறகு நேராகக் கேட்டேன். "ஏன் 42? மண்டபம் எடுத்தால் அப்பாவுக்கும் சந்தோசம்தானே?"

"சித்தப்பா, என்ர சாமத்தியவீட்டுக்கு 400 பேர் வந்தவை. எனக்கு அதில எத்தினை பேரைத் தெரியும்? மேடையில நாலு மணித்தியாலம் நிண்டு சிரிச்சது மட்டும்தான் ஞாபகம். இதில வாற ஒவ்வொருத்தரோடையும் நான் பத்து நிமிசமாவது இருந்து கதைக்க வேணும்."

என்னால் இதற்கு எதிராக ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. மண்டபக் கலியாணங்களுக்கு நான் சமைக்கப் போயிருக்கிறேன், பரிமாறப் போயிருக்கிறேன். பன்னிரண்டு மணி முகூர்த்தம், சாப்பாடு மூன்றுக்கு. இடையில் மேடைக்கு முன்னால் வரிசை. என்வலப்பைக் கொடுத்து, வீடியோவுக்கு முகத்தைக் காட்டி, இறங்கி வந்து "தாலிகட்டு முடிஞ்சுதோ?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிற ஆட்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். கடைசியில் பை பையாகச் சோற்றைக் கொட்டுகிறவன் நான்தான். வன்னியில் அந்தச் சோற்றுக்காக வரிசையில் நின்ற சனத்தின் ஆட்கள்தான் நாங்கள் எல்லோரும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்னக் கலியாணம் என்றால் செலவு குறைவு, எளிமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல இடம், நல்ல சாப்பாடு, படம் பிடிக்கிறவர் என்று தலைக்கு விழுகிற செலவு மண்டபத்தைவிடக் கூடத்தான். 42 பேரைக் கூப்பிட்டு, படத்தை நாலாயிரம் பேருக்குக் காட்டுகிற கலியாணங்களும் இப்போது வந்துவிட்டன. அதுவும் மண்டபம்தான், கூரை இல்லாத மண்டபம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கட வயது போன அம்மாமார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நாலு சுவருக்குள் இருக்கிற அதுகளுக்கு வருடத்தில் நாலு கலியாணவீடுதான் வெளியுலகம். பட்டுச்சீலையை எடுத்து, ஊர்க்காரியைக் கண்டு, "எடியே நீயோ" என்று கட்டிப்பிடிக்கிற ஒரே இடம் அந்த மண்டபம். பிள்ளைகள் எல்லாம் தோட்டத்துக்குப் போனால் இதுகள் எங்கே போவது? இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

என்ர சண்டை வேறு இடத்தில். அவளுடைய 42 பேர் பட்டியலைப் பார்த்தேன். இரத்த உறவும் சிநேகிதர்களும். அதில் ஒரு பெரியவரின் பெயர் இல்லை. 1991ல் அண்ணர் ரயில் நிலையத்தில் நின்றபோது முன்பின் தெரியாமல் கூட்டிக்கொண்டு போய், தன் அறையில் நிலத்தில் எட்டு மாதம் படுக்க விட்ட மனிதர் அவர். 480 பேருக்குள் அவர் தன்பாட்டில் வந்திருப்பார், யாரும் யோசிக்க வேண்டியதில்லை. 42 என்றால் யோசிக்க வேண்டும். "இவர் இல்லாட்டி நீ இல்லை பிள்ளை" என்று கதையைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியவே தெரியாது. அண்ணர் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு சிநேகிதிகளை எடுத்துவிட்டு அவரையும் மனைவியையும் போட்டாள்.

எங்கட ஆட்கள் பெரிய மண்டபம் எடுப்பதற்குக் காசோ பெருமையோ மட்டும் காரணம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. ஆர் எங்களுக்கு உண்மையில் வேண்டிய ஆள் என்று எண்ணிப் பார்க்கப் பயம். எல்லாரையும் கூப்பிட்டுவிட்டால் எண்ணத் தேவையில்லை.

நான் அவள் பக்கம் என்று தெரிந்த பிறகு அண்ணர் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை.

கலியாணம் 2023 மே மாதம். இங்கே சட்டப்படி முதலில் பதிவு, சமயச் சடங்கு அதற்குப் பிறகுதான். சாட்சிக்குக் குறைந்தது இரண்டு பேர், கூடினது நாலு பேர். அவள் என்னையும் ஒரு சாட்சியாக எழுதியிருந்தாள். நகரசபை உத்தியோகத்தர் இருவரையும் பற்றி டச்சில் பேசினார். பிறகு கேட்டார், இருவரும் "யா" என்றார்கள். நான் கையெழுத்து வைத்தேன். இந்த நாட்டில் நான் வைத்த கையெழுத்துகள் அநேகமாக அகதி வழக்கு, பொலிஸ், வேலை ஒப்பந்தம். கை கொஞ்சம் நடுங்கினது உண்மை. அண்ணர் முன்வரிசையில் கோட்டும் சூட்டுமாக, முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார். அந்தப் பெரியவர் வந்து பக்கத்தில் இருந்து அவருடைய தொடையில் கையை வைத்தபிறகு அழத் தொடங்கினவர், கோப்பி வருமட்டும் அழுதார். 1875ல் கட்டின ஒறாஞ்சரிக் கட்டடத்தில்தான் கோப்பி. இரவுச் சாப்பாடு அண்ணர் வீட்டில், மரக்கறி, நான் சமைத்தது. ஐந்து கிலோ அரிசி. ஒரு கோப்பைச் சோறும் மிஞ்சவில்லை.

தாலிகட்டு அடுத்த கிழமை டென் ஹெல்டர் பிள்ளையார் கோவிலில். இங்கேதான் அண்ணர் தன் வேலையைக் காட்டினார். அழைப்பிதழ் ஒன்றும் அடிக்கவில்லை. "கோவிலில தாலிகட்டு" என்று ஆட்களுக்குத் தொலைபேசியில் சும்மா சொல்லி வைத்திருந்தார். கோவிலுக்கு வராதே என்று ஆரைச் சொல்ல முடியும்? நூற்றைம்பது பேர் வந்தார்கள். அம்மாமார் எல்லாம் பட்டுச்சீலையோடு. பெறாமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

வந்தவர்கள் என்வலப் நீட்டினார்கள். அவள் ஒன்றையும் வாங்கவில்லை. கும்பிட்டுவிட்டு, உண்டியலைக் காட்டினாள். அண்ணிக்குத்தான் பெரிய சங்கடம், ஆர் எவ்வளவு என்று கொப்பியில் எழுத வழியில்லாமல் போய்விட்டது.

போன மாதம் அண்ணர் வீட்டுக்குப் போனேன். மேசையில் கொப்பி விரித்திருந்தது. றோர்மொண்டில் ஒரு கலியாணமாம், 500 பேராம். அண்ணி கோடு போட்டுக்கொண்டிருந்தா.