கூடாரத்துக்கு ஒரு கணப்பு

மார்கழி பிறந்தால், குளிர் என்று சொல்லிக்கொள்ள ராயபுரத்தில் எங்களுக்கு அதிகாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதற்கே என் மாமியார் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் கணப்பு அடுப்பைப் பற்றி எழுத நேர்ந்தது என் அக்கா பிள்ளையால்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் பரணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சித்தி, ஆயாவோட குமுட்டி அடுப்பு இன்னும் இருக்கா?"

"இருக்கு. உனக்கு எதுக்குடா?"

கொடைக்கானலுக்கு நாலு நண்பர்கள் போகிறார்களாம். விடுதி வேண்டாமாம். யாரோ தெரிந்தவருடைய தோட்டத்தில், அனுமதி வாங்கிக்கொண்டு, கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்களாம். ராத்திரிக் குளிருக்குக் குமுட்டியில் நாலு கரியைப் போட்டுக் கூடாரத்துக்குள்ளே வைத்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டால் சொர்க்கமாக இருக்கும் என்றான்.

அதுவரை வாயைத் திறக்காத என் மாமியார், "அடுப்பைத் தரமாட்டேன்" என்றார்கள்.

தம் சாமான்கள் மேல் அவர்களுக்கு உள்ள ஆசை ஊரறிந்தது. ஆகையால் நானும் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. திருவொற்றியூரில் அவர்கள் சிறுமியாக இருந்தபோது, ஓர் ஐப்பசி அடைமழையில் அவர்களுடைய அத்தை பிள்ளை பெற்றிருந்தாளாம். பிரசவித்த உடம்புக்குச் சூடு வேண்டும் என்று கட்டிலடியில் கரித்தணல் சட்டியை வைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் கோணியையும் திணித்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். விடிந்து தட்டினால் கதவு திறக்கவில்லை. உடைத்தார்கள். அத்தையும் குழந்தையும் எப்படியோ பிழைத்துக்கொண்டார்கள். துணைக்குத் தரையில் படுத்திருந்த பாட்டி எழுந்திருக்கவே இல்லை.

"காத்து கருப்பு அடிச்சிடுச்சுன்னாங்க. வீட்டுக்கே மந்திரிச்சாங்க. எனக்கு மட்டும் அந்தச் சட்டி மேலதான் சந்தேகம்" என்றார்கள் என் மாமியார்.

பள்ளிக்கூடம் போகாத அவர்களுடைய சந்தேகம் எவ்வளவு சரியானது, பாருங்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் பொருளோடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகி ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். தூங்குகிறவனுக்கோ தலைவலிப்பதுகூடத் தெரியாது. விறகாவது கண்ணைக் கரித்து, இருமலைக் கொடுத்து, நம்மை வெளியே துரத்தும். நன்றாகக் கனிந்த கரியில் புகையே இருக்காது. 'புகையில்லாத அடுப்பு, உள்ளே வைத்துக்கொள்ளலாம்' என்று நாம் மயங்குவது அங்கேதான். 2024 ஆகஸ்டில் அதே கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் இறந்துபோனார்கள். குளிர்காலத்தில் நீலகிரிப் பக்கமிருந்தும் இத்தகைய செய்திகள் வருகின்றன.

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "அப்போ வெளிநாட்டுக்காரங்க எல்லாம் கூடாரத்துக்குள்ளே அடுப்பு வெச்சுக்கிறாங்களே, சித்தி?" என்று கைப்பேசியில் படங்களைக் காட்டினான்.

வைத்துக்கொள்கிறார்கள்தான். ஆனால் அந்தப் படங்களில் நான் பார்த்தது அடுப்பை அல்ல, குழாயை. சின்னத் தகரப் பெட்டி, அதற்கு இறுக மூடும் ஒரு கதவு, காற்றுப் போக ஒரு சிறு துவாரம், பெட்டியின் தலையிலிருந்து கூடாரத் துணியைத் தாண்டி வெளியே நீளும் குழாய். சூடான புகை குழாயில் ஏற ஏற, அது வெளியே போகும் வேகத்தில் புதுக் காற்றைத் துவாரத்தின் வழியே உள்ளே இழுக்கிறது. நெருப்பின் மூச்சு ஒரு வழியில் வந்து மறு வழியில் போய்விடுகிறது. நாம் இருக்கும் இடத்தில் சூடு மட்டும் தங்குகிறது. நம் குமுட்டிக்கு அந்த மூக்கு இல்லை.

நம் ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856-ல். அதே வருஷம் அமெரிக்க ராணுவத்தில் சிப்லி என்ற அதிகாரி ஒரு கூடாரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கென்று அவர் செய்த அடுப்பு புனலைக் கவிழ்த்தாற்போல இருக்கும். அடித்தட்டு கிடையாது, வெறும் தரையில் நிற்கும். உச்சியில் குழாய். இப்போது டைட்டானியத் தகட்டில் மடித்து வைக்கிற அடுப்புகள் வந்துவிட்டன. சுருட்டி வைக்கும் குழாயோடு சேர்த்தும் ஒன்று, ஒன்றரைக் கிலோதானாம். (அந்த டைட்டானியத்தின் தாதுமணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. அடுப்போ கடல் கடந்து வருகிறது. விலையைக் கேட்டால் அதுவே நல்ல சூடு!)

குழாய் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? 1934-ல் ரிச்சர்ட் பேர்டு என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி தென் துருவப் பனியில் ஒரு சிறு குடிலில் தன்னந்தனியாகத் தங்கினார். அடுப்புக் குழாயின் மூட்டுகள் சரியாகப் பொருந்தவில்லை. காற்று வழியைப் பனி அடைத்துக்கொண்டது. இந்த வாயு அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. அவர் அனுப்பிய ரேடியோச் செய்திகள் தாறுமாறாக இருப்பதைக் கண்டு தலைமை முகாமில் சந்தேகப்பட்டார்கள். ஆகஸ்டில் மூன்று பேர் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தார்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் பிள்ளைக்கு ஆசை விடவில்லை. சரி என்று கல்மண்டபம் பக்கம் எனக்குத் தெரிந்த தகரப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். பட்டறை பாய் படத்தைப் பார்த்தார். "செய்யலாம், தம்பி. கூடாரம் என்ன துணி?" என்றார்.

"நைலான்."

"அப்ப அடுப்பு வேணாம், போயிட்டு வாங்க."

குழாய் பட்டால் நைலான் உருகி ஒழுகும் என்றார். கடைசியில் கித்தான் கூடாரம் ஒன்றை வாடகைக்குப் பேசினான். குழாய் போகும் இடத்தில், வெல்டிங் பட்டறைகளில் பொறி தெறிக்காமல் தொங்கவிடுவார்களே, அந்தக் கண்ணாடி நார்த் துணியை வைத்துத் தைக்கச் சொன்னார் பாய். குழாய்க்கு இவன் பளபளவென்ற நாகப் பூச்சுத் தகட்டைக் கேட்டான். அவர் தரவில்லை. அதைச் சிவக்கக் காய்ச்சினால் வெள்ளைப் புகை வரும், சுவாசித்தால் அன்று ராத்திரியே காய்ச்சல் என்றார். கறுப்புத் தகட்டிலேயே செய்தார். மேல் நுனியில் பொறி அடங்கக் கம்பிவலை. குழாய் கூடார உச்சிக்கு மேலே நிற்கவேண்டுமாம். பழைய இரும்புக் கடைத் தராசில் மொத்தம் 5 கிலோ காட்டியது.

மொட்டை மாடியில் பரீட்சை நடந்தது. முதல் எரிப்பில் தகட்டின் எண்ணெய்ப் பசை புகைந்து நாறியது. பக்கத்து வீட்டம்மாள் கொடியிலிருந்த துணியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை. விறகுக்கு, துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளின் அடிப்பலகையை உடைத்துக் கொண்டுவந்திருந்தான். இந்தப் பக்கத்தில் அதை எரிக்கும் வீடுகள் உண்டு. ஆகவே சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பலகையில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும். பக்கத்தில் எச்.டி. என்றிருந்தால் சூட்டில் பக்குவம் செய்தது. எம்.பி. என்றிருந்தால் பூச்சி மருந்து வாயு ஏற்றியது, அடுப்பில் வைக்காதீர்கள். சாயம் பூசிய பலகையும் ஆகாது. விரல் கனம், மணிக்கட்டுக் கனத்தில் நன்றாகக் காய்ந்த சுள்ளிதான் இந்த அடுப்புக்கு ஏற்றது. ஈர விறகு குழாயில் தார் போலப் படிந்து அடைத்துவிடும்.

அரை மணிக்கு ஒரு தரம் தீனி கேட்கிறது அந்தப் பெட்டி. ராத்திரி முழுதும் யார் விழித்திருப்பது? அதனால் என் மாமியார் போட்ட நிபந்தனை இது: படுக்கும் வரை எரியலாம், அதுவும் கூடார வாசலை ஒரு சாண் திறந்துவைத்து, படுக்கும் முன் தணலை அள்ளி வெளியே கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். பிறகு கம்பளியும் ரப்பர் வெந்நீர்ப் பையும்தான். இந்த வாயுவைக் கண்டால் கூவுகிற மின்கலக் கருவி ஒன்று உண்டென்று அவனே கண்டுபிடித்து வாங்கிவந்தான். அவனைப் பற்றி எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில். வெந்நீர்ப் பை என்னுடையது, திருப்பித் தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். குமுட்டி பரணிலேயே இருக்கிறது. ஏணியை எங்கே வைத்தார்கள் என்பதை மட்டும் என் மாமியார் யாருக்கும் சொல்லவில்லை.