மணம் தோலில் இருக்கிறது

மொழிபெயர்ப்பில் செய்கிற பிழைகள் பெரும்பாலும் புத்தகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கவிதையில் ஒரு பூவின் பெயர் மாறிப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. சமையல் குறிப்பு அப்படியல்ல. அங்கே ஒரு சொல் தவறினால் யாரோ ஒருவர் வீட்டில் வெண்ணெயும் மைதாவும் குப்பைக்குப் போகும்.

இதை எனக்கு உணர்த்தியது ஓர் இன்லேண்ட் கடிதம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரிகைக்காக, மெத்தென்ற எலுமிச்சை குக்கி செய்முறை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து அவசர அவசரமாகத் தமிழாக்கினேன். அது வெளிவந்த இரண்டாவது வாரம் பிலாயிலிருந்து ஒரு தமிழ் அம்மாள் எழுதியிருந்தார். ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வந்த மகனுக்காகச் செய்தாராம்; கல்லாக வந்துவிட்டதாம். குறிப்பில் தவறு இருக்காது, தன் கைப்பக்குவம்தான் போதவில்லை, எங்கே தவறினேன் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தில்லியில் என் வீட்டுச் சமையலறையில், நான் எழுதியதை வைத்தே செய்து பார்த்தேன். எனக்கும் கல்தான் வந்தது. பிறகுதான் மூலத்தை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டேன். குற்றவாளிகள் இரண்டு சொற்கள்.

முதலாவது, ‘ஜெஸ்ட்’. அகராதியில் சுவை, ஆர்வம் என்றெல்லாம் போட்டிருந்தது. தமிழ் எம்.ஏ. படித்த மிதப்பில் முதலில் ‘சாரம்’ என்று எழுதினேன். அலங்காரமாகத் தோன்றியதால் ‘சாறு’ ஆக்கினேன். மூலம் சொன்னதோ பழத்தின் மேல்தோல் துருவலை. எலுமிச்சையின் மணத்தில் பெரும்பங்கு சாற்றில் இல்லை. மஞ்சள் தோலில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. சாறு என்பது பெரும்பாலும் தண்ணீரும் சிட்ரிக் அமிலமும்தான். இரண்டு பழத்துச் சாற்றை ஊற்றினால் மாவு நெகிழும். மேலும் மைதா சேர்க்கத் தோன்றும். ஈரத்தோடு அழுத்திப் பிசைந்தால் பசைத்தன்மை கூடி இறுகும். மணமும் போச்சு, மென்மையும் போச்சு.

இரண்டாவது, ‘குக்கி’. அதை ‘பிஸ்கட்’ என்று எழுதியிருந்தேன். பிஸ்கட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு ‘இருமுறை வெந்தது’ என்று பொருள். குக்கி டச்சு மொழியிலிருந்து வந்தது. பொருள் ‘சின்ன கேக்’. பிஸ்கட் என்று படித்தால் மொறுமொறுப்பாகும்வரை யாரும் காத்திருக்கத்தான் செய்வார்கள். அந்த அம்மாளும் காத்திருந்தார்.

ஆகவே, சரியான குறிப்பு இது. இரண்டு எலுமிச்சைகளை நன்கு கழுவித் துடைத்து, மஞ்சள் தோலை மட்டும் மெல்லிய துருவியில் துருவுங்கள். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். அதைத் தொட வேண்டாம். துருவலை 125 கிராம் சர்க்கரையோடு விரல்களால் கசக்குங்கள். சர்க்கரை ஈரமாகி வீடெல்லாம் மணக்கும். அதில் 100 கிராம் மென்மையான வெண்ணெய் சேர்த்துக் குழைத்து, ஒரு முட்டையும் ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் விடுங்கள். முட்டை ஆகாதவர்கள் மூன்று மேஜைக்கரண்டி கெட்டித் தயிர் சேர்க்கலாம். 200 கிராம் மைதா, கால் டீஸ்பூன் சமையல் சோடா, சிட்டிகை உப்பு மூன்றையும் சலித்துப் போட்டு, மாவு ஒன்றுசேர்ந்ததும் கலப்பதை நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, சிறு எலுமிச்சை அளவில் உருட்டி, இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்குங்கள். 175 டிகிரி செல்சியஸுக்கு முன்பே சூடாக்கிய ஓவனில் 10, 11 நிமிடம் போதும்.

வெளியே எடுக்கும்போது ஓரம் மட்டும் இறுகியிருக்கும். நடுப்பகுதி வேகாததுபோல் இருக்கும். பயந்து திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். சூடான தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் மிச்சமும் வெந்துவிடும். ஆறியபின் டப்பாவில் ஒரு துண்டு ரொட்டியோடு மூடி வைத்தால் மென்மை சில நாள் நிற்கும்.

நாக்பூர் ஆரஞ்சிலும் செய்யலாம். அதன் தோல் தளர்வானது. உரிப்பதற்கு முன்பே துருவிவிட வேண்டும். ஆனால் எலுமிச்சைச் சாற்றை விட்டுவிடாதீர்கள்; சோடா பொங்கப் புளிப்பு தேவை. வங்காளத்தில் இருப்பவர்களுக்கு கந்தராஜ் எலுமிச்சை கிடைக்கும். அதன் தோல் மணத்துக்கு ஒரு பழமே தாராளம்.

வெட்கம் என்னவென்றால், இது நமக்குப் புதிய சங்கதியே அல்ல. நார்த்தங்காயைத் தோலோடு உப்பிலிடுகிறோம். நார்த்தை இலையையும் எலுமிச்சை இலையையும் இடித்து வேப்பிலைக்கட்டி செய்கிறோம். பெயரில் உள்ள வேப்பிலை அதில் கிடையாது. பெயரை நம்பிப் பொருளை விடக்கூடாது என்பதை என் பாட்டியின் ஊறுகாய் ஜாடியிலேயே கற்றிருக்கலாம்.

பிலாய்க்குப் பதில் எழுதினேன். பிழை அவருடையதல்ல, என்னுடையது என்று முதல் வரியிலேயே சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. குக்கி பஞ்சாக வந்ததாம். ஆனால் அதற்குள் மகன் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டதால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம். தோல் துருவிய பழங்களை ரசத்துக்குப் பிழிந்துகொண்டதாகவும் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து எந்தச் சமையல் குறிப்பையும் ஒருமுறை செய்து பார்க்காமல் நான் மொழிபெயர்த்துக் கொடுப்பதில்லை.