சம்பளமும் மனச்சாட்சியும்

பிழைப்புத் தேடி வாளையாறு தாண்டி வரும் தமிழ் இளைஞனுக்குச் சம்பளம் எவ்வளவு என்பதே முதல் கேள்வி. அதில் தவறேதுமில்லை. ஊரில் அடுப்பு எரிவது அவன் அனுப்பும் பணத்தால்தான். எனினும், அந்தச் சம்பளம் பிறர் வயிற்றில் அடித்து வருகிறதா என்ற இரண்டாவது கேள்வியும் உண்டு. அதைக் கேட்கத் தவறினால் நேரும் விளைவுக்குப் பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடையே சாட்சி.

பெருமாட்டி பஞ்சாயத்தைச் சேர்ந்த இச்சிற்றூரில் 2000-ஆம் ஆண்டு கோக்கோ கோலா தொழிற்சாலை துவங்கியது. பலருக்கு வேலை கிடைத்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், கிணறுகள் வற்றிவிட்டன, எஞ்சிய நீரும் வாயில் வைக்க முடியவில்லை என்று மக்கள் முறையிடலாயினர். தமிழ் பேசும் எரவாளர், மலசர் குடிப் பெண்கள் குடத்துடன் வெகுதூரம் நடக்க நேர்ந்தது. 2002 ஏப்ரல் 22-ல் போராட்டம் மூண்டது. எழுத்தறியாத மயிலம்மா அதன் முன்னணியில் நின்றார்.

ஆலைக் கழிவு விவசாயிகளுக்கு உரமென்று வழங்கப்பட்டது. 2003-ல் பி.பி.சி. வானொலி அதை இங்கிலாந்தில் பரிசோதிக்கச் செய்தபோது, காட்மியமும் ஈயமும் கலந்திருப்பது தெரிய வந்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மாநில அரசு நியமித்த குழு 2010-ல் சுமார் 216 கோடி ரூபாய் நஷ்டமென மதிப்பிட்டது. நஷ்ட ஈட்டுக்கென 2011-ல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிட்டவில்லை.

ஆலை நின்றதும் தொழிலாளர்களும் பிழைப்பை இழந்தனர். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. மூட்டை தூக்குபவன் உள்ளே இருப்பதை அறிய வழியில்லை. ஆனால் எந்தத் தொழிலிலும் ரிஜிஸ்தர் எழுதுபவருக்கும் பில் போடுபவருக்கும் பல விஷயங்கள் முன்னதாகவே தெரியும். கழிவை உரமென்று எழுத வேண்டுமானால் அதற்கும் ஒரு குமாஸ்தாவின் கை தேவை. ஆகவே, படித்தவரின் பொறுப்பு கூலிக்காரரின் பொறுப்பைவிடப் பெரிது.

வேலை போனால் சோறு போடுவது யார் என்ற கேள்வி நியாயமானதே. அனைவரும் ராஜினாமா செய்யவேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதலாம். வாய்மொழி உத்தரவை எழுத்தில் தரும்படி கேட்கலாம். தனியே சொல்ல அஞ்சுவதைச் சங்கத்தின் மூலம் சொல்லலாம். சங்கத் தலைவர்களே கைவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. 2015-ல் மூணாற்றுத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தாமே திரண்டு நின்று 20 சதவிகித போனஸ் பெற்றது இடுக்கி மாவட்டமே அறிந்த செய்தி.

புதிய தொழில்கள் எல்லைப்புறத்திற்கு இன்னும் வரும். வரட்டும், வேலை வேண்டும். உண்மையைச் சொன்ன ஊழியரைப் பாதுகாப்பது அரசின் கடமை. நியமன உத்தரவைக் கையில் வாங்கும் இளைஞர்கள், சம்பளத் தொகையோடு அந்த ஆலையின் பின்வாசல் வழியே வெளியேறுவது என்ன என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.