‘நமக்கெல்லாம் அது வராது சார்’ என்பவர்களுக்கு, தாமிரபரணிக் கரையிலிருந்து

1/
தூக்கம் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வருகிறவர்களிடம் நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன். “உங்களுக்குன்னு என்ன செய்வீங்க?” பெரும்பாலும் கிடைக்கிற பதில்: “ஒண்ணுமில்ல சார், போனைப் பாத்துட்டுக் கெடப்பேன்.” வரையலாமே, எழுதலாமே, பாடலாமே என்றால், “அதெல்லாம் பொறப்புலயே வரணும் சார், நமக்கு எங்க நேரம்?”
இந்த ரெண்டு காரணத்தையும் நம்ம ஊரை வைத்தே பார்ப்போம்.

2/
முதலில் நேரம்.
வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தவர். அந்த வேலைக்கு நடுவில்தான் கதையும், கல்யாண்ஜி என்ற பெயரில் கவிதையும் எழுதினார். ‘ஒரு சிறு இசை’ தொகுப்புக்கு 2016இல் சாகித்ய அகாடமி விருது. கலாப்ரியாவும் வங்கி ஊழியர்தான். கொஞ்சம் வடக்கே கரிசல் காட்டில் கி. ராஜநாராயணன் விவசாயி. பள்ளிப் படிப்பே அதிகம் இல்லை. எழுத வந்தது முப்பது வயதுக்கு மேல்.
யாரும் வேலையை விட்டுவிட்டு எழுத உட்காரவில்லை.

3/
அடுத்து, ‘பொறப்புலயே வரணும்’.
திறமையில் ஏற்றத்தாழ்வு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திறமை இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்க ஒரு காது வேணும். ரசிகமணி டி.கே.சி.யின் வண்ணார்பேட்டை வீட்டில் ‘வட்டத்தொட்டி’ என்று ஒரு கூட்டம் நடந்தது. ஒருவர் கம்பன் பாட்டைச் சொல்ல, மற்றவர்கள் கேட்டு ரசிப்பார்கள், பேசுவார்கள். கட்டணம், சான்றிதழ் எதுவும் கிடையாது.

4/
அங்கே கூடியவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். எஸ். மகராஜன் நீதிபதி, ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கினார். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசு அதிகாரி. கோயில் கோயிலாகப் போய் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதினார்.
நல்லா இருந்தால் “ஆகா” என்று சொல்ல நாலு பேர் இருக்கிற இடத்தில், வேலை முடித்து வந்த களைப்பிலும் மனுஷனுக்கு ஏதாவது செய்யத் தோணும்.

5/
இதுவரை சொன்ன பெயர்கள் எல்லாமே ஆண்கள். கவனிச்சீங்களா? இங்கேதான் ‘எனக்கு நேரமில்லை’ என்பது சில பேருக்கு நிஜமான காரணமாகிறது.
நம்ம வீடுகளில் ஆண்கள் திண்ணையில் இலக்கியம் பேசும்போது அடுக்களையில் நின்றது யார்? இன்றைக்கும் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் ரெண்டாவது ஷிப்ட் காத்திருக்கிறது. அவரிடம் போய் “ஏதாவது ஹாபி வச்சுக்கோங்க” என்று சொல்வது வைத்தியம் ஆகாது.

6/
சேரன்மகாதேவி பக்கம் பத்தமடையைப் பாருங்கள். ஆற்றங்கரைக் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றையும் நூல் மாதிரி கிழித்து, சாயம் ஏற்றி நெய்கிற பாய். நல்ல ரகப் பாயைப் பட்டு மாதிரி மடித்துவிடலாம். நெய்கிறவர்களில் பெரும்பாலும் பெண்கள்.
அதைக் கலை என்று சொல்லி மாலை போட்டுவிட்டு நகரவும் முடியாது. மணிக்கணக்கில் தரையில் குனிந்து உட்கார்ந்தால் இடுப்பும் முட்டியும் என்னாகும் என்று எந்த மருத்துவரும் சொல்வார். நியாயமான விலையும் ஓய்வும் இல்லாவிட்டால் அந்த வேலையில் சந்தோஷம் தங்காது.

7/
பாய் வேண்டாம், வாசலைப் பாருங்கள். மார்கழியில் இருபத்தொரு புள்ளி வைத்து, ஒரு கோடுகூடத் தப்பாமல் சிக்குக் கோலம் போடுகிற அம்மாவிடம் கேளுங்கள். “எனக்கு என்ன தெரியும்?” என்பார். அவர் மனதுக்குள் ஓடுவது கணக்கும் வடிவமும். நாம அதை வீட்டு வேலைக் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

8/
சரி, மருத்துவம் என்ன சொல்லுது?
2016இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, காகிதம் வைத்து இஷ்டப்படி ஏதாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைந்தது. முன்அனுபவம் இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

9/
இது சின்ன ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. அதனால் இதை மட்டும் வைத்துத் துள்ள வேண்டாம். ஆனால் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு வெளியிட்ட அறிக்கை, கலையும் உடல்நலமும் பற்றிய 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தது. திசை ஒன்றுதான்: கலையில் ஈடுபடுவது மனநலத்துக்குத் துணை செய்கிறது.
துணைதான், மாற்று இல்லை. சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு வீணை கற்றுக்கொள்ளாதீர்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

10/
செய்யக்கூடியது:
• ஒரே ஒரு விஷயம். வாரத்தில் மூணு நாள், இருபது நிமிஷம் போதும்.
• முதல் மாதம் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். லைக் எண்ண ஆரம்பித்தால் கை நின்றுவிடும்.
• கேட்கவும் பார்க்கவும் ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் ரெண்டு பேர் உட்கார்ந்தாலும் அது வட்டத்தொட்டிதான்.
• பிள்ளை ஒரு படம் வரைந்ததும் கிளாஸில் சேர்த்து, போட்டிக்கு அனுப்பி, கோப்பை எங்கே என்று கேட்காதீர்கள். “இது என்ன, சொல்லு” என்று உட்கார்ந்து கேளுங்கள்.

11/
கடைசியாக, இதைப் படிக்கிற ஆண்களுக்கு.
உங்கள் வீட்டில் ஒரு அம்மாவோ மனைவியோ, தான் முன்னாடி பாடியதையோ வரைந்ததையோ தைத்ததையோ விட்டு வருஷக்கணக்காகி இருக்கலாம். “திரும்ப ஆரம்பியேன்” என்று சொல்வது சுலபம். அதைவிட உபயோகமானது: இன்றைக்கு ராத்திரி பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். நாளைக்கும்.
அந்த அரைமணி நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கணக்குக் கேட்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்.